வைரஸ் வந்து கம்ப்யூட்டர் ஆன் ஆகவில்லையா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கும்பகோணத்தில் சின்னதாக ஒரு டிடிபி கடை வைத்திருக்கிறேன். தட்டச்சு, ஜெராக்ஸ், ஆன்லைன் விண்ணப்பம் என்று வருகிறவர்களில் வாரத்துக்கு ஒருவராவது போகும்போது நின்று, "வீட்டு கம்ப்யூட்டர் ஆன் ஆகலை, வைரஸாம், என்ன பண்றது?" என்று கேட்காமல் போவதில்லை. எனக்குத் தெரிந்ததைச் சொல்லி அனுப்புவேன். ஒரே சந்தேகங்கள் திரும்பத் திரும்ப வருவதால், கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை எழுதி, பதிலையும் எழுதிவிட்டேன். விண்டோஸ் 10, 11 இருக்கும் வீட்டுக் கணினிகளை மனதில் வைத்து எழுதியது.

1. "சுவிட்ச் போட்டா ஒண்ணுமே வரலை அக்கா. வைரஸ்தானே?"

பெரும்பாலும் இருக்காது. வைரஸ் என்பது ஒரு நிரல். மின்சாரம் வந்து, மதர்போர்டு வேலையைத் தொடங்கி, ஹார்ட் டிஸ்கைக் கண்டுபிடித்து, அதிலிருந்து எதையாவது படிக்க ஆரம்பித்த பிறகுதான் அதனால் ஏதும் செய்ய முடியும். விளக்கும் எரியவில்லை, விசிறியும் சுற்றவில்லை என்றால் பவர் கேபிள், யுபிஎஸ், எஸ்எம்பிஎஸ் (கணினிக்குள் மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி) இவற்றைப் பாருங்கள். விசிறி சுற்றுகிறது, ஆனால் பீப் பீப் என்று சத்தம் வந்து திரை கறுப்பாகவே இருக்கிறது என்றால் ரேம் மேல்தான் முதல் சந்தேகம். மின்சாரத்தை முழுதாகத் துண்டித்துவிட்டு ரேமைக் கழற்றி, அதன் தங்க நிறப் பட்டைகளைப் பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, தூள் ஒட்டாமல் துடைத்துத் திரும்பப் பொருத்துங்கள். பழைய அசெம்பிள்டு கணினிகள் பலவற்றுக்கு இதுவே போதும்.

கம்பெனி பெயர் திரையில் வந்துவிட்டது, அதற்குப் பிறகுதான் தகராறு என்றால், அப்போது வைரஸைச் சந்தேகப்படலாம். மீதிக் கேள்விகள் அந்த நிலையில் இருப்பவர்களுக்கு.

2. "வட்டம் சுத்திக்கிட்டே இருக்கு. எவ்வளவு நேரம் பொறுக்கிறது?"

விண்டோஸ் அப்டேட் பாதியில் நின்றாலும் இப்படித்தான் சுற்றும். எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாத, வேகமான புதிய வகை டிஸ்க்) உள்ள கணினியென்றால் அரை மணி நேரம், பழைய ஹார்ட் டிஸ்க் என்றால் இரண்டு மணி நேரம் வரை விட்டுப் பாருங்கள். ஹார்ட் டிஸ்க் விளக்கு விட்டு விட்டு எரிந்துகொண்டிருந்தால் உள்ளே ஏதோ நடக்கிறது என்று அர்த்தம். மின்வெட்டு நேரத்தில் அப்டேட் நடந்து கெட்டுப்போன கணினிகளை "வைரஸ்" என்று சொல்லிக் கொண்டுவருகிறவர்கள் நிறையப் பேர்.

3. "பிள்ளைங்க ஃபோட்டோ எல்லாம் அதுலதான் இருக்கு. எல்லாம் போச்சா?"

போயிருக்க வாய்ப்பு குறைவு. முதலில் இந்தப் பயத்தை விடுங்கள். விண்டோஸ் வேறு, உங்கள் படங்களும் கடிதங்களும் வேறு. இரண்டும் ஒரே டிஸ்கில் இருந்தாலும் தனித்தனி இடங்களில் இருக்கின்றன. சாவி தொலைந்த வீடு மாதிரிதான் இது. உள்ளே போக முடியவில்லையே தவிர, பீரோவில் இருப்பது பீரோவில்தான் இருக்கிறது. கோப்புகளையே பூட்டிவிடும் வகை வைரஸ் மட்டும் விதிவிலக்கு. அதை 12-ஆம் கேள்வியில் சொல்கிறேன்.

நான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. ஓய்வு பெற்ற தமிழாசிரியர் ஒருவர் எங்கள் கடைக்கு வருவார். சுற்றுவட்டார கிராமங்களில் பாட்டிமார் பாடிய நடவுப் பாட்டுகளை ஒன்பது வருடமாகக் கேட்டு எழுதி, வீட்டுக் கணினியில் தட்டச்சு செய்து வைத்திருந்தார். ஒருநாள் கணினி ஆன் ஆகவில்லை. பழுது பார்க்கக் கொடுத்த இடத்தில், "வைரஸ் சார், ஃபார்மட் போட்டாச்சு" என்று சிரித்த முகமாகத் திருப்பிக் கொடுத்தார்கள். டெஸ்க்டாப்பில் இருந்த பாட்டுகள் எல்லாம் போய்விட்டன. கெட்டிருந்தது விண்டோஸ் மட்டும்தான். அரை மணி நேரம் செலவழித்திருந்தால் பாட்டுகளைத் தனியே எடுத்து வைத்திருக்கலாம். யாரும் கேட்கவும் இல்லை, அவருக்குச் சொல்லவும் தெரியவில்லை.

ஆகவே கணினி இரண்டாவது, கோப்புகள் முதலாவது. யாரிடம் பழுதுக்குக் கொடுத்தாலும், "என்னைக் கேட்காமல் ஃபார்மட் போடக் கூடாது" என்று வாயால் சொல்லுங்கள், ரசீதிலும் எழுதச் சொல்லுங்கள்.

4. "உடனே என்ன செய்யணும், என்ன செய்யக் கூடாது?"

நெட் கேபிளைப் பிடுங்குங்கள், அல்லது மோடத்தை அணையுங்கள். செருகியிருக்கும் பென்டிரைவ், வெளி ஹார்ட் டிஸ்க் எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். திரையில் என்ன வாசகம் வந்தாலும் செல்போனில் படம் எடுத்து வையுங்கள். "ஏதோ இங்கிலீஷ்ல வந்துச்சு" என்று சொல்வதைவிட அந்தப் படம் பத்து மடங்கு உதவும்.

செய்யக் கூடாததில் முக்கியமானது, நல்ல நிலையில் இருக்கும் பேக்கப் டிஸ்கைக் கொண்டுவந்து அவசரத்தில் இந்தக் கணினியில் செருகுவது. இருக்கிற ஒரே நல்ல நகலும் அதோடு போய்விடும். இன்னொன்று, ஒன்றுக்கு மேல் ஒன்றாக ஆன்டிவைரஸ் ஏற்றுவது. இரண்டு ஆன்டிவைரஸ் ஒன்றையொன்று சந்தேகப்பட்டு, ஆன் ஆகிக்கொண்டிருந்த கணினியும் நின்றுவிடும்.

5. "எஃப் 8 அழுத்தினா சேஃப் மோட் வரும்னு சொன்னாங்க. விரல் தேய அழுத்திட்டேன், வரலையே?"

அது விண்டோஸ் 7 காலத்து வழி. விண்டோஸ் 8-லிருந்து அந்தச் சாவி சாதாரணமாக வேலை செய்யாது. இப்போதைய வழி வேறு. கணினியை ஆன் செய்து, லோகோ வந்ததும் பவர் பொத்தானைப் பத்து விநாடி விடாமல் அழுத்தி அணையுங்கள். இப்படி இரண்டு மூன்று தடவை செய்தால், தொடர்ந்து ஆன் ஆகத் தவறுகிறோம் என்று விண்டோஸே புரிந்துகொண்டு நீலத் திரையில் பழுது நீக்கும் பக்கத்தைக் காட்டும்.

அதில் டிரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ், ரீஸ்டார்ட் என்று வரிசையாகப் போங்கள். மறுபடி ஆன் ஆகும்போது எண்ணிட்ட பட்டியல் வரும். 4 அழுத்தினால் சேஃப் மோட், 5 அழுத்தினால் இணையத்தோடு சேஃப் மோட். உள்ளே நுழையும்போது வழக்கமான பின் எண்ணை ஏற்காமல் முழுக் கடவுச்சொல்லைக் கேட்கலாம். அதைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

6. "சேஃப் மோடுக்குள்ள போயிட்டேன். எல்லாம் பெருசு பெருசா தெரியுது. இப்ப என்ன?"

நல்லது, பாதிக் கிணறு தாண்டிவிட்டீர்கள். சேஃப் மோடில் விண்டோஸ் தனக்கு அவசியமானதை மட்டும் ஏற்றிக்கொள்கிறது. அதனால் பெரும்பாலான வைரஸ்கள் ஓடாமல் கிடக்கும். முதல் வேலையாக, காலியான ஒரு பென்டிரைவில் முக்கியமான கோப்புகளை நகல் எடுங்கள். படம், கடிதம், கணக்கு மட்டும் போதும். மென்பொருள் எதையும் எடுக்க வேண்டாம்.

அப்புறம், தகராறு தொடங்குவதற்கு முந்தைய நாட்களில் புதிதாக ஏற்றிய மென்பொருள் என்னவென்று பார்த்து நீக்குங்கள். இன்னொரு கணினியில் மைக்ரோசாஃப்ட் சேஃப்டி ஸ்கேனரை இறக்கிக் கொண்டுவந்து ஓட்டுங்கள். அது இலவசம். இறக்கிய பத்து நாளில் காலாவதியாகிவிடும் என்பதால் பழையதை வைத்திருந்து பயனில்லை. அது முடிந்து கணினி சாதாரணமாக ஆன் ஆகிவிட்டால், விண்டோஸ் செக்யூரிட்டியில் டிஃபெண்டர் ஆஃப்லைன் ஸ்கேன் என்பதைத் தேர்ந்தெடுங்கள். கணினி மறுபடி ஆன் ஆகும்போது, விண்டோஸ் முழுதாக எழுவதற்கு முன்பே அது தேடத் தொடங்கும். கால் மணி நேர வேலை. விண்டோஸ் எழுந்த பிறகு ஒளிந்துகொள்ளும் வைரஸ்கள் இதில்தான் மாட்டும்.

7. "சேஃப் மோடும் வரலைன்னா?"

5-ஆம் கேள்வியில் சொன்ன அதே நீலத் திரையில் ஸ்டார்ட்அப் ரிப்பேர் இருக்கிறது. அதை முதலில் ஓட்டுங்கள். பலிக்கவில்லை என்றால் சிஸ்டம் ரெஸ்டோர். சில நாள் முன்பு விண்டோஸ் இருந்த நிலைக்கு அது திரும்பப் போகும். உங்கள் படங்களையும் கடிதங்களையும் தொடாது. சில கணினிகளில் இந்த வசதி அணைந்தே இருக்கும். அப்படியானால் ரெஸ்டோர் பாயின்ட் எதுவும் இல்லை என்று சொல்லிவிடும். சிஸ்டம் ரெஸ்டோரால் எழுந்த கணினியைச் சுத்தமாகிவிட்டதென்று நம்ப வேண்டாம். 6-இல் சொன்ன ஸ்கேனை அதற்கும் ஓட்ட வேண்டும்.

8. "திரையில 'பூட் எம்ஜிஆர் இஸ் மிஸ்ஸிங்'னு வருது. இது என்ன எம்ஜிஆர்?"

மேனேஜர் என்பதன் சுருக்கம் அது. விண்டோஸைக் கைபிடித்து எழுப்பும் சின்ன நிரலுக்குப் பெயர் பூட் மேனேஜர். அதைக் காணவில்லை என்கிறது. "நோ பூட்டபிள் டிவைஸ்" என்று வந்தாலும் கிட்டத்தட்ட இதே கதை. முதலில் பென்டிரைவ் ஏதும் செருகியிருக்கிறதா என்று பாருங்கள். கணினி அதில் விண்டோஸைத் தேடிப் பார்த்துவிட்டு இல்லை என்று சொல்லியிருக்கலாம். அடுத்து பயாஸுக்குள் (விண்டோஸுக்கு முன்பே மதர்போர்டிலிருந்து ஓடும் அமைப்புத் திரை) போய் ஹார்ட் டிஸ்க் பெயர் தெரிகிறதா என்று பாருங்கள். பெயரே இல்லையென்றால் கேபிள் தளர்ந்திருக்கும், அல்லது டிஸ்க் பழுது. பெயர் இருந்து, தேதி மட்டும் பல வருடம் பின்னால் போயிருந்தால், மதர்போர்டில் இருக்கும் நாணயம் போன்ற 3 வோல்ட் பேட்டரி தீர்ந்து அமைப்புகள் மாறியிருக்கும். கைக்கடிகாரக் கடையிலேயே கிடைக்கும் பேட்டரி அது.

இவை எல்லாம் சரியாக இருந்தால் டிஸ்கின் தொடக்கப் பகுதி கெட்டிருக்கலாம். பழைய முறை டிஸ்குகளில் முதல் 512 பைட்டில்தான் எங்கிருந்து தொடங்குவது என்ற தகவல் இருக்கும். வைரஸ்களுக்கு அந்த இடத்தின் மேல் ஆரம்பத்திலிருந்தே கண். 1986-இல் லாகூரிலிருந்து கிளம்பிய பிரெய்ன் வைரஸ், ஃப்ளாப்பியின் பூட் பகுதியில்தான் உட்கார்ந்தது. 2017 ஜூனில் உலகத்தையே கலக்கிய நாட்பெட்டியாவும் டிஸ்கின் தொடக்கத்தை மாற்றி எழுதிவிட்டு, விண்டோஸுக்குப் பதிலாகப் பணம் கேட்கும் வாசகத்தைக் காட்டியது. சாதாரணமாகக் கெட்டிருந்தால் ஸ்டார்ட்அப் ரிப்பேரே இதைச் சரிசெய்துவிடும். பணம் கேட்கும் வாசகம் இருந்தால் மட்டும் எதையும் தொடாமல் 12-ஆம் கேள்விக்குப் போங்கள். வீடியோவில் பார்த்த கட்டளைகளை அங்கே தட்டிப் பார்க்க வேண்டாம்.

9. "விண்டோஸே வராம ஃபைலை எப்படி எடுக்கிறது?"

எல்லாருக்கும் தெரிந்திருக்க வேண்டிய வழி இது. கேட்கப் பெரிய வேலையாகத் தெரியும். ஒருமுறை செய்துவிட்டால் பயம் போய்விடும். 8 ஜிபி பென்டிரைவ் ஒன்று, நல்ல நிலையில் உள்ள இன்னொரு கணினி, நகல் எடுக்க வேறொரு பென்டிரைவ் அல்லது டிஸ்க், இவ்வளவுதான் தேவை. நண்பர் வீட்டுக் கணினியில் உபுண்டு அல்லது லினக்ஸ் மின்ட்டை அதன் சொந்தத் தளத்திலிருந்து இறக்குங்கள், காசு கிடையாது. ரூஃபஸ் என்ற சின்ன மென்பொருளால் அதைப் பென்டிரைவில் எழுதுங்கள். பென்டிரைவில் முன்பு இருந்தது அழிந்துவிடும், பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்தப் பென்டிரைவைப் பழுதான கணினியில் செருகி, ஆன் செய்த உடனே பூட் மெனுச் சாவியைத் தட்டிக்கொண்டே இருங்கள். டெல், லெனோவா, ஏசர் கணினிகளில் பெரும்பாலும் எஃப் 12, ஹெச்பியில் எஃப் 9. வரும் பட்டியலில் பென்டிரைவைத் தேர்ந்தெடுங்கள். உபுண்டு "டிரை" என்றும் "இன்ஸ்டால்" என்றும் கேட்டால் "டிரை" மட்டும்தான். "இன்ஸ்டால்" பக்கம் கை போகவே கூடாது. சில நிமிடத்தில் லினக்ஸ் முகப்புத் திரை வரும். அது பென்டிரைவிலிருந்தே ஓடுகிறது, உங்கள் டிஸ்கில் எதையும் எழுதவில்லை. விண்டோஸுக்காக எழுதிய வைரஸ் அங்கே வெறும் கோப்பாகக் கிடக்கும்.

ஃபைல் மேனேஜரைத் திறந்தால் உங்கள் டிஸ்க் தெரியும். யூசர்ஸ் என்ற ஃபோல்டருக்குள் உங்கள் பெயரில் ஒன்று இருக்கும். அதற்குள் டெஸ்க்டாப், டாக்குமெண்ட்ஸ், பிக்சர்ஸ், டவுன்லோட்ஸ் நான்கையும் நகல் எடுங்கள். கடை வைத்திருப்பவர்கள் டேலி டேட்டா ஃபோல்டரை மறக்க வேண்டாம். தமிழில் தட்டச்சு செய்கிறவர்கள் விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் ஃபான்ட்ஸையும் எடுங்கள், காரணம் 11-இல். டிஸ்கைப் படிக்க மட்டும்தான் அனுமதிக்கிறது, எழுத விடவில்லை என்று வந்தால் கவலை வேண்டாம், விண்டோஸ் சரியாக அணையாமல் நின்றதால் வருவது அது. நமக்குப் படித்தால் போதும். டிஸ்க் கரகரவென்று சத்தம் போட்டாலோ, ஒரு படம் நகலாவதற்குப் பல நிமிடம் எடுத்தாலோ, உடனே நிறுத்துங்கள். டிஸ்கே சாகிறது. அதற்குத் தனியாகத் தரவு மீட்பு செய்கிறவர்களிடம்தான் போக வேண்டும்.

10. "நீலத் திரையில 48 நம்பர் கேக்குது. பணம் பறிக்கிற வைரஸா?"

இல்லை. அது விண்டோஸின் சொந்தப் பூட்டு, பிட்லாக்கர். மடிக்கணினி திருட்டுப் போனாலும் உள்ளே இருப்பதை யாரும் படிக்கக் கூடாது என்பதற்காக வைத்தது. புதிய மடிக்கணினிகளில் நீங்கள் கேட்காமலே அது இயங்கிக்கொண்டிருக்கலாம். பயாஸில் எதையாவது மாற்றினாலோ மதர்போர்டை மாற்றினாலோ சந்தேகப்பட்டுச் சாவி கேட்கும். பணம் கேட்காது, கெடு வைக்காது. வைரஸிலிருந்து அதைப் பிரித்துப் பார்க்க இது ஒன்றே போதும்.

அந்த 48 இலக்கச் சாவி பெரும்பாலும் மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிப்பாகியிருக்கும். செல்போனிலிருந்து அந்தக் கணக்குக்குள் போய், உங்கள் சாதனங்கள் பகுதியில் பாருங்கள். முதன்முதலில் கணினியை யாருடைய மின்னஞ்சலில் தொடங்கினீர்கள் என்று யோசியுங்கள். கல்லூரி படிக்கும் மகளுடையதாக இருக்கலாம், விற்ற கடைக்காரர் உருவாக்கியதாகக்கூட இருக்கலாம். அந்தச் சாவி இல்லாமல் 9-இல் சொன்ன லினக்ஸ் வழியும் திறக்காது. இன்று கணினி நன்றாக இருக்கிறவர்கள் இன்றே அதைத் தேடி ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.

11. "கம்ப்யூட்டர் சரியாயிடுச்சு. ஆனா தமிழ் டாக்குமெண்ட் எல்லாம் இங்கிலீஷ் எழுத்தா கண்டபடி தெரியுது. வைரஸ் இன்னும் இருக்கா?"

வைரஸ் இல்லை, பாமினி இல்லை. பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த கோப்புக்குள் உண்மையில் ஆங்கில எழுத்துகளே இருக்கின்றன. அவற்றுக்குத் தமிழ் வடிவம் கொடுப்பது எழுத்துரு. விண்டோஸைப் புதிதாக ஏற்றியபோது எழுத்துரு போய்விட்டது. அதைத் திரும்ப நிறுவினால் அடுத்த நொடி தமிழ் வந்துவிடும். இதைப் பார்த்துப் பயந்து, கெட்டுப்போன கோப்பு என்று நினைத்து அழித்துவிட்டவர்கள் உண்டு. எனக்கு மிகவும் வருத்தம் தரும் விஷயம் இது. தயவுசெய்து அழிக்காதீர்கள். எழுத்துரு கையில் இல்லையென்றால் ஏதாவது டிடிபி கடையில் திறந்து பாருங்கள். யூனிகோடுக்கு (எந்தக் கணினியிலும் தமிழாகவே தெரியும் எழுத்து முறை) மாற்றும் இலவசக் கருவிகளும் இருக்கின்றன. மாற்றி வைத்துக்கொண்டால் இந்தத் தொல்லை இனி இல்லை.

12. "எல்லா ஃபைல் பேருக்குப் பின்னாலயும் புதுசா ஏதோ ஒட்டிக்கிட்டு இருக்கு. டாலர்ல பணம் கேக்குது. கட்டலாமா?"

கட்டாதீர்கள். இது ரான்சம்வேர். கோப்புகளைக் கடினமான கணக்கு முறையில் பூட்டிவிட்டு, சாவிக்கு விலை கேட்பது. கட்டினால் சாவி வரும் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை. வீட்டுக் கணினிகளை அதிகம் பிடித்தது ஸ்டாப் அல்லது டிஜாவு எனப்படும் வகை. 980 டாலர் கேட்டது, 72 மணி நேரத்துக்குள் தொடர்பு கொண்டால் 490 என்று தள்ளுபடி ஆசை காட்டியது. பெரும்பாலும் கிராக் செய்த (காசு கொடுக்காமல் ஓட்டுவதற்காகப் பூட்டை உடைத்த) மென்பொருளோடு வருவது.

நோ மோர் ரான்சம் என்ற தளத்தைப் பாருங்கள். நெதர்லாந்து காவல்துறையும் ஐரோப்பிய ஒன்றியக் காவல் அமைப்பான யூரோபோலும் பாதுகாப்பு நிறுவனங்களும் சேர்ந்து 2016-இல் தொடங்கியது. பூட்டப்பட்ட கோப்பு ஒன்றை அங்கே கொடுத்தால் எந்த வகை, திறக்க இலவசக் கருவி இருக்கிறதா என்று சொல்லும். மேலே சொன்ன டிஜாவுக்கு எம்சிசாஃப்ட் என்ற பாதுகாப்பு நிறுவனம் 2019-இல் ஒரு கருவி வெளியிட்டது. எல்லா வடிவத்துக்கும் அது பலிக்காது. இன்றைக்குப் பலிக்காவிட்டாலும் பூட்டிய கோப்புகளை வேறொரு டிஸ்கில் நகல் எடுத்து வையுங்கள். குற்றவாளிகள் பிடிபட்டுச் சாவிகள் வெளிவந்த சம்பவங்கள் உண்டு. இன்னொரு ஆறுதலும் இருக்கிறது. டிஜாவு ஒவ்வொரு கோப்பிலும் தொடக்கத்தில் ஏறக்குறைய 150 கிலோபைட்டை மட்டுமே பூட்டுகிறது. சின்னக் கடிதத்துக்கு அதுவே முழுசும். கல்யாண வீடியோ போன்ற பெரிய கோப்பில் மீதி அப்படியே இருக்கும், அவற்றைச் செப்பனிட முடிவதுண்டு. அவசரப்பட்டு அழித்துவிடாதீர்கள்.

புகார் கொடுக்க 1930 என்ற எண் இருக்கிறது, தேசிய சைபர் குற்ற உதவி எண். பணத்தை ஏற்கனவே கட்டிவிட்டவர்கள் அன்றைக்கே அழைக்க வேண்டும்.

13. "ஜெராக்ஸ் கடையில போட்டுட்டு வந்த பென்டிரைவ்ல ஃபோல்டர் எல்லாம் ஷார்ட்கட் ஆயிடுச்சு. காலேஜ் ப்ராஜெக்ட் போச்சா?"

போகவில்லை. அந்த வைரஸ் உங்கள் ஃபோல்டர்களை மறைத்துவிட்டு, அதே பெயரில் ஷார்ட்கட் வைக்கிறது. நீங்கள் அதை இரண்டு முறை சொடுக்கினால் ஃபோல்டரும் திறக்கும், வைரஸும் உங்கள் கணினியில் ஏறிவிடும். எனவே சொடுக்காதீர்கள். 9-இல் சொன்ன லினக்ஸ் பென்டிரைவில் கணினியை எழுப்பி, இந்தப் பென்டிரைவைச் செருகினால் மறைந்தவை எல்லாம் சாதாரணமாகத் தெரியும். சில நேரம் பெயரே இல்லாத ஒரு ஃபோல்டருக்குள் எல்லாவற்றையும் தள்ளியிருக்கும், அதையும் திறந்து பாருங்கள். ப்ராஜெக்டை எடுத்துவிட்டுப் பென்டிரைவை ஃபார்மட் செய்துவிடலாம்.

எங்கள் கடைக்கும் இது பொருந்தும் என்பதால் சொல்கிறேன். அச்செடுக்க வரும்போது பென்டிரைவ் வேண்டாம், மின்னஞ்சலில் அனுப்புங்கள். ஒரு நாளைக்கு எத்தனை பென்டிரைவ் ஒரே கணினியில் ஏறி இறங்குகிறது என்று நினைத்துப் பாருங்கள்.

14. "சி டிரைவை மட்டும் ஃபார்மட் போட்டா போதும், டி டிரைவ் பத்திரம்னு சொல்றாங்களே?"

பாதி உண்மை. டி டிரைவில் இருப்பது அழியாது, சரி. ஆனால் டெஸ்க்டாப்பும் டாக்குமெண்ட்ஸும் சி டிரைவில்தான் இருக்கின்றன. ஆசிரியரின் பாட்டுகள் போனது இப்படித்தான். அதோடு, டி டிரைவில் வைரஸ் இருந்தால் அதுவும் பத்திரமாகவே இருக்கும். புது விண்டோஸ் ஏற்றியதும் டி டிரைவைத் திறப்பதற்கு முன் முழு ஸ்கேன் ஓட்டுங்கள்.

15. "ரீசெட் நல்லதா, புதுசா இன்ஸ்டால் பண்றது நல்லதா?"

கோப்புகளை வெளியே எடுத்தாகிவிட்டதென்றால் என் யோசனை புதிதாக நிறுவுவது. ரீசெட்டில் "கீப் மை ஃபைல்ஸ்" என்று ஒரு வழி உண்டு. வசதிதான். ஆனால் வைரஸ் கோப்பு உங்கள் ஃபோல்டருக்குள் இருந்தால் அதுவும் கூடவே தங்கிவிடும். ரீசெட்தான் செய்வதென்றால் "கிளவுட் டவுன்லோட்" வழியைத் தேர்ந்தெடுங்கள். கணினியில் இருக்கும் பழைய விண்டோஸ் கோப்புகளை நம்பாமல் புதிதாக இறக்கிக்கொள்ளும். ஏறக்குறைய 4 ஜிபி டேட்டா செலவாகும்.

புதிதாக நிறுவ, மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்தே மீடியா கிரியேஷன் டூல் எடுத்து 8 ஜிபி பென்டிரைவில் எழுதிக்கொள்ளலாம். விண்டோஸோடு வாங்கிய கணினியென்றால் உரிமம் மதர்போர்டோடு சேர்ந்திருக்கும். சாவி கேட்கும்போது தாண்டிப் போங்கள், நெட் கிடைத்ததும் தானாகச் சரியாகிவிடும். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டது. கணினி தாங்குமானால் 11-க்குப் போங்கள். தாங்காத பழைய கணினி, இணையம் பார்க்கவும் கடிதம் அடிக்கவும் மட்டும்தான் என்றால், 9-இல் சொன்ன லினக்ஸ் மின்ட்டையே நிரந்தரமாக நிறுவலாம். எங்கள் கடையில் ஒரு கணினி அப்படித்தான் ஓடுகிறது.

16. "ஃபார்மட் போட்ட அப்புறம்தான் ஃபோட்டோ ஞாபகம் வந்துச்சு. வழி இருக்கா?"

அந்த நொடியே கணினியை அணையுங்கள். விரைவு ஃபார்மட் கோப்புகளின் பட்டியலைத்தான் அழிக்கிறது. கோப்புகள், மேலே வேறு ஏதாவது எழுதப்படும் வரை அப்படியே கிடக்கும். நீங்கள் பார்க்கும் ஒவ்வொரு வீடியோவும் அவற்றின் மேல் எழுதிக்கொண்டிருக்கிறது. டிஸ்கைக் கழற்றி இன்னொரு கணினியில் இணைத்து ஃபோட்டோரெக் என்ற இலவச மென்பொருளை ஓட்டுங்கள். மீட்டதை அதே டிஸ்கில் எழுதாமல் வேறொன்றில் எழுத வேண்டும். எஸ்எஸ்டியாக இருந்தால் நம்பிக்கை மிகக் குறைவு. காலி இடத்தை அது தானே துடைத்துவிடும்.

ஆசிரியருடையது ஹார்ட் டிஸ்க். அவர் என்னிடம் கொண்டுவந்தபோது இரண்டு வாரம் ஆகியிருந்தது. ஓட்டியதில் பெயரில்லாத நூற்றுக்கணக்கான கோப்புகள் வந்தன, எல்லாம் பாமினியில். ஒவ்வொன்றாகத் திறந்து, அவர் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்துப் பார்த்து, பாட்டு இருந்ததை மட்டும் பிரித்தோம். மூன்றில் ஒரு பங்கு கிடைத்தது. முதல் வாரமே வந்திருந்தால் கூடக் கிடைத்திருக்கும்.

17. "வைரஸால மதர்போர்டு போயிடுச்சு, மாத்தணும்னு சொல்றாங்க. உண்மையா?"

நடந்ததே இல்லை என்று சொல்ல மாட்டேன். விண்டோஸ் 95, 98 காலத்தில் சிஐஹெச் என்ற வைரஸ் வந்தது. செர்னோபில் விபத்து நடந்த அதே தேதியில், 1999 ஏப்ரல் 26 அன்று, அது ஏராளமான கணினிகளில் பயாஸ் சிப்பையே அழித்துவிட்டது. அந்தக் கணினிகள் உண்மையிலேயே எழவில்லை. அதற்குப் பிறகு வந்த பயாஸ்களில் காவல் கூடிவிட்டது. இன்று வீட்டுக் கணினியில் அந்த அளவுக்குப் போகும் வைரஸ் மிக அரிது.

ஆகவே அப்படிச் சொன்னால், 1-இல் சொன்ன சோதனைகளைச் செய்துகாட்டச் சொல்லுங்கள். வேறொரு எஸ்எம்பிஎஸ், வேறொரு ரேம் போட்டு முயன்றார்களா என்று கேளுங்கள். மதர்போர்டு பழுதாவது உண்டு. மின்னழுத்த ஏற்ற இறக்கத்தாலும் இடியாலும் ஆகிறது. எப்படியானாலும் உங்கள் டிஸ்கைக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள், மதர்போர்டு போனாலும் அதில் இருப்பது இருக்கும். பிட்லாக்கர் இருந்தால் 10-இல் சொன்ன சாவி தேவைப்படும்.

18. "காசு கொடுத்து ஆன்டிவைரஸ் போட்டிருந்தேனே, அப்புறம் எப்படி?"

கிராக் மென்பொருளை நிறுவும்போது, "ஆன்டிவைரஸை அணைத்துவிட்டு நிறுவவும்" என்று எழுதியிருந்ததைப் படித்து அணைத்தீர்களா என்று வீட்டில் ஒருமுறை கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் அங்கேதான் பதில் இருக்கும். காவல்காரரை நாமே வீட்டுக்கு அனுப்பிவிட்டோம். விண்டோஸ் 8-லிருந்து டிஃபெண்டர் கூடவே வருகிறது. அப்டேட் சரியாக நடந்தால் வீட்டுக்கு அது போதும்.

ஆன்டிவைரஸே கணினியை எழவிடாமல் செய்வதும் உண்டு. 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் நிறுவனத்தின் பாதுகாப்பு மென்பொருளுக்கு வந்த பிழையான அப்டேட்டால் சுமார் 85 லட்சம் கணினிகள் நீலத் திரையோடு நின்றன. விமான நிலையங்களில் கையால் எழுதி போர்டிங் பாஸ் கொடுத்தார்கள். வைரஸே இல்லை. சேஃப் மோடுக்குள் போய் ஒரு கோப்பை நீக்கியதும் எழுந்தன. உங்கள் கணினியும் ஆன்டிவைரஸ் அப்டேட்டுக்குப் பிறகு நின்றிருந்தால், 6-இல் சொன்னபடி அதையே நீக்கிப் பாருங்கள்.

19. "எல்லாம் சரியாயிடுச்சு. பாஸ்வேர்டையும் மாத்தணுமா?"

ஆம், கட்டாயம். டிஜாவு போன்றவை பல நேரம் தனியாக வருவதில்லை, பிரௌசரில் சேமித்த கடவுச்சொற்களைத் திருடும் இன்னொன்றையும் கூட்டி வருகின்றன. சுத்தம் செய்வதற்கு முன் அதே கணினியில் மாற்றினால் புதியதும் போய்விடும். செல்போனிலிருந்து மாற்றுங்கள். முதலில் மின்னஞ்சல், ஏனென்றால் மற்ற எல்லாவற்றையும் அதை வைத்துத்தான் மீட்கிறோம். பிறகு வங்கி, பிறகு மற்றவை. ஒவ்வொன்றிலும் "எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறு" என்பதையும் அழுத்துங்கள். கடவுச்சொல் இல்லாமலே, ஏற்கனவே உள்ளே இருக்கும் நிலையைத் திருடிக்கொண்டு போகிற வகையும் உண்டு.

20. "மூணாவது தடவையா ஃபார்மட் போட்டாச்சு. ஒரே வாரத்துல திரும்ப வந்துடுது. எங்கேயிருந்துதான் வருது?"

வீட்டுக்குள்ளிருந்தேதான். இந்தக் கேள்வியோடு வருகிறவர்களிடம் நான் ஒரு வேலை சொல்வேன். விண்டோஸ் ஏற்றிய பிறகு வரிசையாக என்னென்ன செருகுகிறீர்கள், என்னென்ன நிறுவுகிறீர்கள் என்று ஒரு தாளில் எழுதச் சொல்வேன். கடைசியாக வந்த ஒருவரின் தாளில் ஆறாவது வரியாக, "டி டிரைவிலிருந்து ஃபோட்டோ எடிட்டிங் சாஃப்ட்வேர்" என்று இருந்தது. ஐந்து வருடத்துக்கு முன் யாரோ பென்டிரைவில் கொடுத்த கிராக் பதிப்பு. ஒவ்வொரு முறையும் கணினியைச் சுத்தம் செய்துவிட்டு, தம் கையாலேயே அதைத் திரும்ப ஏற்றிக்கொண்டிருந்தார்.

அப்படி எதுவும் இல்லையென்றால், குரோமில் உள்நுழைந்ததும் பழைய எக்ஸ்டென்ஷன்கள் (பிரௌசரில் சேர்க்கும் துணை நிரல்கள்) தாமாகத் திரும்ப வருகின்றனவா என்று பாருங்கள். தெரியாத எக்ஸ்டென்ஷனை நீக்குங்கள். வீட்டில் இன்னொரு கணினி இருந்தால், பென்டிரைவ்கள் இரண்டுக்கும் நடுவே போய்வருகின்றனவா என்று பாருங்கள். இரண்டையும் ஒரே நாளில் சுத்தம் செய்ய வேண்டும், பென்டிரைவ்களையும் சேர்த்து. அவருக்கு அந்த ஃபோல்டரை அழித்துவிட்டு, கிம்ப் என்ற இலவச மென்பொருளை ஏற்றிக் கொடுத்தேன். நான்கு மாதமாகிறது, கணினி ஓடிக்கொண்டிருக்கிறது.